ஊர் விட்டால் மனம் எதைத் தேடும்?

வெளிநாடு கிளம்புகிறவர் வீட்டில் கடைசி வாரம் முழுவதும் எடை பார்க்கிற வேலைதான். ஒரு பெட்டிக்கு 23 கிலோ. இட்லிப் பொடி, வடு மாங்காய், சுண்டைக்காய் வத்தல், சாம்பார் பொடி, சின்னக் குக்கர், இட்லித் தட்டு என்று ஒவ்வொன்றாக உள்ளே போகிறது. எடை கூடினால் ஒன்றிரண்டு வெளியே வருகிறது. இந்தப் பிள்ளை அங்கே போய் எதற்கு ஏங்கும், எது இல்லாமல் சமாளித்துக்கொள்ளும் என்று அந்தக் குடும்பம் கணக்குப் போடுகிறது. அந்தக் கணக்கு எவ்வளவு சரியாக வரும்?

இந்தக் கேள்வியை உளவியல் ஆய்வாளர்கள் பல ஆண்டுகளாக அளந்து பார்த்து வருகிறார்கள். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் டேனியல் கில்பர்ட், வர்ஜீனியா பல்கலைக்கழகத்தின் டிமோதி வில்சன் இருவரும் இத்துறையின் முன்னோடிகள். நாளை நடக்கப்போவது நம்மை எவ்வளவு மகிழ்விக்கும், எவ்வளவு வருத்தும் என்று இன்றே ஊகிப்பதை ‘உணர்வு முன்கணிப்பு’ என்கிறார்கள். எது இனிக்கும், எது கசக்கும் என்பதில் நாம் பெரும்பாலும் தவறுவதில்லை. எவ்வளவு, எத்தனை காலம் என்பதில்தான் தவறுகிறோம். 1998இல் வெளியான அவர்களது ஆய்வு ஒன்றில், பணி நிரந்தரம் கிடைக்காவிட்டால் பல ஆண்டுகள் மனமுடைந்து கிடப்போம் என்றார்கள் உதவிப் பேராசிரியர்கள். உண்மையில் அது மறுக்கப்பட்டவர்களைச் சில ஆண்டுகள் கழித்துக் கேட்டபோது, கிடைத்தவர்களுக்குக் குறையாத மகிழ்ச்சியோடுதான் இருந்தார்கள்.

ஊரை விட்டுப் போகிறவர்களின் கணக்கில் இந்தப் பிழையோடு இன்னொன்றும் சேர்கிறது. கண்ணுக்குத் தெரிவதை, பெயர் சொல்ல முடிவதை மட்டும்தான் மனம் பட்டியல் போடுகிறது. அன்றாடத்தில் கரைந்து, இருப்பதே தெரியாமல் போனவை அதில் ஏறுவதில்லை. மனம் பின்னாளில் அதிகம் தேடுவது பெரும்பாலும் அவற்றைத்தான்.

வெயில் தருமா மகிழ்ச்சி?

அமெரிக்காவின் நடுமேற்கு மாநிலங்களில் குளிர்காலம் கொடியது; கலிஃபோர்னியாவில் ஆண்டு முழுவதும் இதமான வெயில். டேவிட் ஷ்கேடும் டேனியல் கானமனும் இரு பகுதிகளிலும் உள்ள பல்கலைக்கழகங்களில் ஏறத்தாழ 2000 மாணவர்களிடம் கேட்டு, 1998இல் முடிவை வெளியிட்டார்கள். ஒரு பகுதியினரிடம், ‘உங்கள் வாழ்க்கை உங்களுக்கு எவ்வளவு நிறைவாக இருக்கிறது?’ என்று கேட்டார்கள். மற்றவர்களிடம், ‘உங்களைப் போன்ற ஒருவர் இவ்விரு பகுதிகளில் ஒன்றில் வாழ்ந்தால் எவ்வளவு நிறைவாக இருப்பார்?’ என்று கேட்டார்கள். கலிஃபோர்னியாக்காரர்களே மகிழ்ச்சியாக இருப்பார்கள் என்று இரு பக்கத்தவரும் சொன்னார்கள். தங்கள் சொந்த வாழ்க்கையை மதிப்பிட்டவர்களிடையே மட்டும் வேறுபாடே இல்லை.

காரணம் எளிது. இரண்டு இடங்களை ஒப்பிடச் சொன்னால் வேறுபடுகிறவை மட்டும் நம் கண்முன் வந்து நிற்கின்றன. ஆனால் அங்கே வாழப்போகிறவர் காலையில் எழுந்து வேலைக்கு ஓடுகிறார், முதுகுவலிக்குத் தைலம் தடவுகிறார், கட்டணம் கட்டுகிறார், நண்பரோடு சண்டை போடுகிறார். நாளின் பெரும்பகுதி எந்த ஊரிலும் ஒன்றுபோலத்தான் கழிகிறது.

ஹார்வர்டிலேயே இதற்கு இன்னொரு சான்று உண்டு. அங்கே முதலாண்டு முடித்த மாணவர்களைக் குலுக்கல் முறையில் 12 விடுதிகளுக்குப் பிரித்து அனுப்புவார்கள். எலிசபெத் டன், வில்சன், கில்பர்ட் மூவரும் 2003இல் வெளியிட்ட ஆய்வின்படி, நல்ல விடுதி கிடைத்தால் பெருமகிழ்ச்சி, மோசமானது கிடைத்தால் பெருந்துயரம் என்றே மாணவர்கள் கணித்தார்கள். பின்னர் பார்த்தால் இரு தரப்பின் மகிழ்ச்சியும் ஏறக்குறைய ஒரே அளவு. கட்டடம், அது இருக்கும் இடம் ஆகியவற்றுக்கு அவர்கள் அதிக எடை கொடுத்திருந்தார்கள். விடுதி வாழ்க்கையை உண்மையில் இனிதாக்கிய நட்பும் தோழமையும் எல்லா விடுதியிலும் இருந்தன. அதனாலேயே அவை கணக்கில் வரவில்லை.

குளிருக்குப் பயந்தவர்கள், இருட்டை மறந்தவர்கள்

கனடாவுக்கோ இங்கிலாந்துக்கோ போகிறவரிடம் எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: “குளிரைத் தாங்க முடியாது.” குளிருக்குக் கனத்த கோட்டு உண்டு, வீட்டுக்குள் வெப்பமூட்டி உண்டு. யாரும் சொல்லாமல் விடுவது இருட்டு.

சென்னையில் ஆண்டின் மிகக் குறுகிய பகல் ஏறத்தாழ 11 மணி 20 நிமிடம். மிக நீண்ட பகல் 13 மணி நேரத்தை ஒட்டியது. ஆண்டு முழுவதும் ஏறத்தாழ ஒரே அளவு வெளிச்சத்தில் வளர்ந்த உடல் நம்முடையது. டொரண்டோவில் டிசம்பர் 21 அன்று பகல் 9 மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. லண்டனில் 8 மணி நேரம்கூட இல்லை. மாலை நான்கு மணிக்கே அங்கே தெருவிளக்கு எரியும். விடியும் முன் வேலைக்குப் போய் இருட்டிய பின் வீடு திரும்புகிறவருக்கு வாரநாட்களில் சூரியன் கண்ணில் படுவதே அரிது.

விழித்திரையில் பார்வைக்கான செல்களோடு, வெளிச்சத்தின் அளவை மட்டும் மூளைக்குச் சொல்கிற தனிச் செல்களும் உண்டு. அவற்றில் உள்ள மெலனாப்சின் என்ற நிறமி ஒளியை உணர்ந்து, மூளையின் உள்கடிகாரத்துக்குச் செய்தி அனுப்புகிறது. தூக்கம், பசி, மனநிலை எல்லாம் அந்தக் கடிகாரத்தோடு கட்டுண்டவை. வெயில் நேரத்தில் வெட்டவெளியில் 1,00,000 லக்ஸ் வரை ஒளி கிடைக்கிறது. அலுவலக அறையில் அது சில நூறு லக்ஸ்தான்.

பருவகால மனச்சோர்வு என்ற நோயை 1984இல் வரையறுத்த நார்மன் ரோசென்தாலே ஒரு குடியேறிதான். தென்னாப்பிரிக்காவின் ஜோகன்னஸ்பர்கில் வளர்ந்தவர். அமெரிக்கா வந்த பிறகு குளிர்காலந்தோறும் தன் உடலும் மனமும் மந்தமாவதைக் கவனித்ததுதான் அவருக்கு முதல் தடயம். இந்நோய்க்கு இன்று காலை வேளையில் 10,000 லக்ஸ் விளக்கின் முன் அரை மணி நேரம் அமரும் ஒளிச் சிகிச்சை தரப்படுகிறது. குளிர்நாட்டில் எல்லோருக்கும் இந்தச் சோர்வு வருவதில்லை. வந்தவர்களோ, பல சமயம் அதை ஊர் ஏக்கம் என்றே எண்ணித் தங்களை நொந்துகொள்கிறார்கள். வைட்டமின் டி வேறு: நவம்பர் முதல் பிப்ரவரி வரை பாஸ்டன் நகர வெயிலில் தோலால் அதை உருவாக்க முடிவதில்லை என்று 1988இலேயே காட்டப்பட்டது. மெலனின் மிகுந்த நம் தோலுக்கு மற்ற மாதங்களிலும் கூடுதல் வெயில் தேவை. இந்தக் குறையை அன்பான தொலைபேசி அழைப்பு தீர்க்காது. மருத்துவரிடம் பேசினால் தீரும்.

நாக்கும் மூக்கும்

உணவைப் பற்றிய கணிப்பில் பாதி சரி. சுவைப் பற்று பிறப்பதற்கு முன்பே தொடங்கிவிடுகிறது. ஃபிலடெல்ஃபியாவின் மோனெல் ஆய்வு மையத்தில் ஜூலி மென்னெல்லா குழுவினர் 2001இல் இதைக் காட்டினார்கள். கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் தாய் கேரட் சாறு குடித்திருந்தால், அவர் பெற்ற குழந்தை திட உணவு தொடங்கும்போது கேரட் சுவையுள்ள உணவைக் கண்டு முகம் சுளிப்பது குறைவு. தாயின் உணவுச் சுவை பனிக்குட நீரில் கலந்து சிசுவை எட்டுகிறது. பெருங்காயமும் பூண்டும் நம்மில் ஊறிய வரலாறு அவ்வளவு பழையது.

ஆனாலும் இந்த ஏக்கத்துக்கு மருந்து பக்கத்துத் தெருவிலேயே கிடைக்கலாம். டொரண்டோவின் ஸ்கார்பரோ, லண்டனின் ஈஸ்ட் ஹாம், பாரிஸின் லா சப்பல், சிங்கப்பூரின் தேக்கா சந்தை எங்கும் முருங்கைக்காயும் புட்டு மாவும் கிடைக்கின்றன.

கடையில் வாங்க முடியாதது வாசனை. மற்றப் புலன்களின் செய்தி மூளைப் புறணியை அடையும் முன் தாலமஸ் என்ற இடைநிலையத்தைத் தாண்ட வேண்டும். மோப்பச் செய்தி மட்டும் அங்கே நிற்காமல், உணர்ச்சிக்கும் நினைவுக்கும் மையமான அமிக்டலா, ஹிப்போகாம்பஸ் பகுதிகளை நேராகத் தொடுகிறது. அதனால்தான் ஒரு மணம் சொல்லாமல் கொள்ளாமல் வந்து தொண்டையை அடைக்கிறது. கோடை மழையின் முதல் துளியில் எழும் மண்வாசனையில் ஜியோஸ்மின் என்ற வேதிப்பொருள் முக்கியமானது. மண்ணில் வாழும் நுண்ணுயிர்கள் அதை உண்டாக்குகின்றன. மனித மூக்கு அதை மிக நுண்ணிய அளவிலேயே பிடித்துவிடும். நெடுநாள் காய்ந்த மண் நனையும்போதுதான் மண்வாசனை ஓங்கி எழும். எப்போதும் ஈரமாக இருக்கிற ஊரில் மழை நிறையப் பெய்யும். அந்த மணம் மட்டும் அவ்வளவாக வராது. கிளம்பும்போது ‘மண்வாசனை இருக்காதே’ என்று யார் கவலைப்படுகிறார்கள்?

பெயர் தெரியாத உறவுகள்

அம்மாவைத் தேடும், நண்பர்களைத் தேடும் என்பது எல்லோருக்கும் தெரியும். அதற்குத் தயாராகத்தான் போகிறோம். வாட்ஸ்அப் இருக்கிறது, தினமும் முகம் பார்த்துப் பேசலாம். பட்டியலில் விடுபடுகிறவர்கள் வேறு சிலர். கேட்காமலே சர்க்கரை குறைத்து டீ போடுகிற கடைக்காரர். “என்ன தம்பி, ரெண்டு நாளா ஆளையே காணோம்?” என்கிற இஸ்திரி வண்டிக்காரர். பஸ் ஸ்டாப்பில் தினமும் பார்த்து, ஒரு நாளும் பெயர் கேட்காத முகம்.

1973இல் சமூகவியலாளர் மார்க் கிரனோவெட்டர் இத்தகைய மெல்லிய உறவுகளின் வலிமையை எடுத்துக்காட்டினார். புதிய செய்திகளும் வேலை வாய்ப்புத் தகவல்களும் நெருங்கியவர்களைவிட அறிமுகமானவர்கள் வழியாகவே அதிகம் வருகின்றன என்பது அவர் வாதம். 2014இல் ஜில்லியன் சாண்ட்ஸ்ட்ராமும் எலிசபெத் டன்னும் இதை மனநலத்தோடு இணைத்தார்கள். மாணவர்கள் தங்கள் வழக்கத்தைவிட அதிகமான வகுப்புத் தோழர்களோடு பேசிய நாட்களில் கூடுதல் மகிழ்ச்சியோடும் ஒட்டுதலோடும் இருந்தார்கள். நெருங்கிய நட்புக்கு மட்டுமே உரியது என்று நாம் நினைக்கும் நிறைவில் ஒரு பங்கை இந்த அறிமுகங்களும் தருகின்றன.

கைபேசி நெருங்கிய உறவுகளைக் கடல் தாண்டிக் கொண்டுவந்து சேர்க்கிறது. இஸ்திரிக்காரரை யாரும் வீடியோ காலில் அழைப்பதில்லை. புதிய ஊரில் எல்லாம் சரியாக இருந்தும் ஏதோ குறைகிறது என்று தோன்றினால், குறைவது இதுவாக இருக்கலாம்: நாம் வந்ததையும் வராததையும் கவனிக்கிற நாலு பேர்.

மொழியும் இப்படித்தான். ஆங்கிலம் நன்றாக வருகிறவர்கூட நாள் முடிவில் களைத்துப்போகிறார்; பேசுவது ஆங்கிலம், உணர்வு இருப்பது தமிழில். கேத்தரின் ஹாரிஸ் குழுவினர் 2003இல் வெளியிட்ட ஆய்வில், துருக்கிய மொழியைத் தாய்மொழியாகக் கொண்டு பின்னர் ஆங்கிலம் கற்றவர்களின் தோலில் ஏற்படும் நுண்ணிய மின்கடத்தல் மாற்றத்தை அளந்தார்கள். சின்ன வயதில் பெரியவர்கள் திட்டும் சொற்களைத் துருக்கிய மொழியில் கேட்டபோது உடல் நன்றாகத் துணுக்குற்றது; அவற்றையே ஆங்கிலத்தில் கேட்டபோது அவ்வளவு இல்லை. கொஞ்சலும் திட்டும் எந்த மொழியில் உடம்பைத் தொடுகின்றனவோ, அந்த மொழி நாள் முழுக்கக் காதில் விழாமல் இருப்பது ஓர் இழப்புதான்.

எதைத் தேடமாட்டோம்?

மின்வெட்டு, ஹாரன் சத்தம், வரிசையில் இடித்து முந்துகிறவர்கள், “எப்போ கல்யாணம்?” “சம்பளம் எவ்வளவு?” என்ற கேள்விகள். இவற்றிலிருந்து விடுபடுவதை எண்ணிப் பலர் மகிழ்ச்சியோடு விமானம் ஏறுகிறார்கள். அந்த மகிழ்ச்சி உண்மையானது. ஆனால் அதற்கும் ஆயுள் குறைவு. மாறாமல் இருப்பது எதுவானாலும் மனம் அதற்குப் பழகிவிடுகிறது. தடையில்லா மின்சாரமும் சுத்தமான நடைபாதையும் சில மாதங்களில் கண்ணுக்குத் தெரியாமல் போகும்.

நினைவோ எதிர்த்திசையில் வேலை செய்கிறது. பயணங்களைப் பற்றி டெரன்ஸ் மிட்செல் குழுவினர் 1997இல் வெளியிட்ட ஆய்வில், மூன்று வார மிதிவண்டிப் பயணம் போனவர்கள் அதை முன்கூட்டி எண்ணும்போதும் பின்னர் நினைக்கும்போதும் இனிதாகவே மதிப்பிட்டார்கள். அனுபவித்துக்கொண்டிருந்தபோதோ மதிப்பு குறைவு. சின்னச் சின்ன எரிச்சல்கள் நினைவிலிருந்து உதிர்ந்துவிடுகின்றன. ஊரைப் பற்றிய நினைவிலும் அதுவே நடக்கிறது.

இன்னொரு சிக்கலும் உண்டு. கல்யாணத்தைப் பற்றி நச்சரித்த எதிர்வீட்டு மாமிதான், காய்ச்சல் வந்தபோது கஞ்சி கொண்டுவந்தவர். நாம் தப்பிக்க விரும்பியதும் பின்னாளில் ஏங்குவதும் ஒரே இடத்திலிருந்து வருகின்றன. ஒன்றை மட்டும் விட்டுவிட்டு மற்றதை எடுத்துப்போக வழியில்லை.

டோங்கா தீவின் குலுக்கல்

புலம்பெயர்ந்தவர் மகிழ்ச்சியாக இருக்கிறாரா என்பதை அளப்பது கடினம். துணிச்சலும் வசதியும் உள்ளவர்களே அதிகம் கிளம்புவதால், போனவரையும் போகாதவரையும் நேராக ஒப்பிட முடியாது. பசிபிக் தீவு நாடான டோங்கா இதற்கு அரிய வாய்ப்பைத் தந்தது. நியூசிலாந்து 2002 முதல் ஆண்டுக்கு 250 டோங்கா மக்களைக் குலுக்கல் மூலம் குடியேற்றத்துக்குத் தேர்ந்தெடுத்தது. விண்ணப்பித்துப் பெயர் விழுந்தவர்களையும் விழாதவர்களையும் ஒப்பிட்டால், பிரிப்பது அதிர்ஷ்டம் மட்டுமே. டேவிட் மெக்கென்சி, ஜான் கிப்சன், ஸ்டீவன் ஸ்டில்மன் உள்ளிட்ட பொருளியலாளர்கள் அதைத்தான் செய்தார்கள்.

போனவர்களின் வருமானம் 263 விழுக்காடு உயர்ந்தது. கிளம்பும் முன் அவர்கள் கணித்ததைவிட இது அதிகம். தங்கள் வருங்காலச் சம்பளத்தை அவர்கள் குறைத்தே மதிப்பிட்டிருந்தார்கள். மனநலம் பற்றிய அளவீடுகளும் மேம்பட்டன. ஆனால் மகிழ்ச்சி குறைந்தது. தங்களுக்குச் சமூகத்தில் மதிப்பு கூடிவிட்டது என்று போனவர்கள் தங்கள் பழைய நிலையை நினைத்துச் சொன்னார்கள். ஊரில் தங்கியவர்களோடு ஒப்பிட்டால் அது இறங்கியிருந்தது. ஒரே மனிதரின் வாழ்க்கை ஓர் அளவுகோலில் ஏறி, இன்னோர் அளவுகோலில் இறங்குகிறது. ‘வெளிநாடு போனால் நன்றாக இருப்பேனா?’ என்ற கேள்விக்கு ஒற்றைச் சொல்லில் பதில் கிடைக்காததற்குக் காரணம் இதுதான்.

ஏக்கத்தின் காலக்கணக்கு

ஊர் ஏக்கத்தை நோயாகவே மருத்துவம் ஒரு காலத்தில் கருதியது. 1688இல் பாசல் நகரில் யோகானஸ் ஹோஃபர் என்ற மருத்துவ மாணவர் அதைப் பற்றி ஆய்வேடு எழுதினார். பெர்னிலிருந்து படிக்க வந்து படுத்த படுக்கையான மாணவர் ஒருவர், ஊருக்கு அழைத்துப்போன வழியிலேயே தேறிய கதை அதில் உண்டு.

இருபதாம் நூற்றாண்டில் சுவெரே லிஸ்கார்ட், அமெரிக்கா சென்று வந்த 200 நார்வேக்காரர்களை ஆராய்ந்து 1955இல் ஒரு வளைவை முன்வைத்தார். முதலில் உற்சாகம், ஆறு முதல் பதினெட்டு மாதம் வரை சரிவு, பிறகு மீட்சி. புத்தகங்களில் இன்றும் இதைப் பார்க்கலாம். ஆனால் கொலீன் வார்ட் குழுவினர் நியூசிலாந்து வந்த ஜப்பானிய மாணவர்களை வந்திறங்கிய நாளிலிருந்தே தொடர்ந்து அளந்து 1998இல் வெளியிட்ட முடிவு வேறு. முதல் நாளில்தான் தடுமாற்றம் உச்சம். பிறகு அது இறங்குகிறது. முதல் மாதம் தேனாக இனிக்க வேண்டும் என்ற எதிர்பார்ப்போடு போய், அது கசந்தால் ‘நமக்கு மட்டும் ஏன் இப்படி?’ என்று மருள வேண்டியதில்லை.

ஏக்கத்தைக் கூட்டுவது எது என்பதும் ஓரளவு தெளிவு. வீட்டைப் பிரிந்திருந்த முன்னனுபவம் இல்லாமை, ‘தாங்கவே முடியாது’ என்ற முன்முடிவு, போவதா இருப்பதா என்ற முடிவு தன் கையில் இல்லாமை. கடைசிக் காரணம் நம்மவர்களுக்குப் புதிதல்ல. 1983க்குப் பின் இலங்கையை விட்டு ஓடிய பல்லாயிரம் தமிழருக்கு எதைத் தேடுவோம் என்று கணக்குப் போட அவகாசமே இருக்கவில்லை. விரும்பிப் போகிறவரின் ஏக்கத்தையும் விரட்டப்பட்டவரின் ஏக்கத்தையும் ஒரே அளவுகோலால் அளப்பது நியாயமில்லை.

கொஞ்சம் சரியாகக் கணிக்க

பிழையைத் திருத்த வழி உண்டா? ஓரளவு உண்டு. வில்சன் குழுவினர் 2000இல் அமெரிக்கக் கால்பந்து ரசிகர்களிடம் ஒரு சோதனை செய்தார்கள். தங்கள் அணி வென்றாலோ தோற்றாலோ எப்படி இருக்கும் என்று கணிக்கும் முன், வரப்போகும் ஒரு நாளின் வேலைகளை எழுதச் சொன்னார்கள். எழுதியவர்களின் கணிப்பு மிதமாகி, உண்மைக்கு நெருங்கியது. கிளம்புகிறவரும் இதைச் செய்யலாம். பனியையும் வானளாவிய கட்டடங்களையும் விட்டுவிட்டு, அங்கே ஒரு சாதாரணச் செவ்வாய்க்கிழமையைக் காலை முதல் இரவு வரை எழுதிப் பாருங்கள். பிறகு இங்கே சென்ற செவ்வாயில் யார் யாரிடம் எத்தனை சொல் பேசினீர்கள் என்று எழுதுங்கள். அந்த இரண்டாம் பட்டியலில்தான் கண்ணில் படாதவை இருக்கும்.

இன்னொரு வழி, ஏற்கெனவே போனவரைக் கேட்பது. கில்பர்ட் குழுவினர் 2009இல் காட்டியபடி, ஓர் அனுபவத்தை நாமே கற்பனை செய்து கணிப்பதைவிட, அதை இப்போதுதான் அனுபவித்த ஒருவரின் சொல்லை நம்பினால் பிழை ஏறத்தாழப் பாதியாகக் குறைகிறது. ஆனாலும் கேட்கும் விதம் முக்கியம். டோங்கா மக்கள் சம்பளத்தைக் குறைத்து மதிப்பிட ஒரு காரணம், ஊரிலிருந்து பணம் கேட்பார்களோ என்று அங்குள்ள உறவினர்கள் தங்கள் வருமானத்தைக் குறைத்துச் சொன்னதாக இருக்கலாம் என்கிறார்கள் ஆய்வாளர்கள். அதனால் “அண்ணா, நல்லா இருக்கீங்களா?” என்று கேட்டால் போதாது. “நேத்து சாயங்காலம் வேலை முடிஞ்சு வந்து என்ன பண்ணீங்க? யார்கிட்ட பேசினீங்க?” என்று கேளுங்கள். ஒளிக்க எதுவும் இல்லாத கேள்வி அது. பதிலில் ஒரு வாழ்க்கை தெரியும்.

போய்ச் சேர்ந்த பிறகு செய்ய வேண்டியதும் இதிலிருந்தே தெளிவாகிறது. பகல் வெளிச்சத்தில் தினமும் நடங்கள். ஒரே கடைக்கு, ஒரே நேரத்துக்குத் திரும்பத் திரும்பப் போங்கள். அங்கும் யாராவது ஒருவர் உங்கள் வருகையைக் கவனிக்கத் தொடங்குவார். தமிழ் பேசக் கிடைக்கும் இடத்தை முதல் மாதமே தேடிக்கொள்ளுங்கள்.

ஏக்கம் வந்தால் எடுத்த முடிவு தவறு என்று பொருளில்லை. மனநலம் கூடிய அதே டோங்கா மக்களுக்குத்தான் மகிழ்ச்சி குறைந்தது. இரண்டும் ஒரே நெஞ்சில் இடம் பிடிக்கும். போவதா இருப்பதா என்று யோசிக்கிறவர், ஊரைத் தேடுமா என்று கேட்க வேண்டியதில்லை, தேடத்தான் செய்யும். எந்த ஏக்கத்தோடு தன்னால் நிம்மதியாக வாழ முடியும் என்பதை மட்டும் அவர் தனக்குத்தானே நேர்மையாகக் கேட்டுக்கொண்டால் போதும்.